முந்நூறு கிலோமீற்றர் விளிம்பில்: அணுமின் நிலைய உரிமமும் பருத்தித்துறையின் உணவும்

அணுமின் நிலையம் ஒன்றை இயக்க உரிமம் கேட்பவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உலை எவ்வளவு பாதுகாப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது முதற் கேள்வி. அந்தப் பாதுகாப்பு எல்லாம் தவறிப்போனால் மதிலுக்கு வெளியே இருப்பவர்களை யார், எப்படி, எத்தனை மணி நேரத்துக்குள் காப்பது என்பது இரண்டாவது. இதற்கான பதில் பொறியியலாளரிடம் மட்டும் இல்லை. மாவட்ட அதிகாரி, வைத்தியசாலை, சந்தை, வானொலி என்று பலரிடம் அது பிரிந்து கிடக்கிறது.

இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியை வட இலங்கையின் பருத்தித்துறையிலிருந்து எழுப்புகிறது. தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கென வரையறுக்கப்பட்ட அவசரகாலத் திட்டமிடல் வலயம் 16 கிலோமீற்றர். மக்களை வெளியேற்றும் திட்டத்துக்கு அந்த எல்லை போதும் என்று வாதிடலாம். உணவைக் காக்கும் திட்டத்துக்கு அது போதாது. உணவு குறித்த திட்டமிடலில் வட இலங்கைக்குச் சர்வதேச உடன்படிக்கையின்படி இடமுண்டு. அதைக் கொடுப்பது புதுடில்லியின் கடமை, அதைக் கேட்டுப் பெற்று இங்கே நடைமுறைக்குக் கொண்டுவருவது கொழும்பின் கடமை என்பதே இதன் வாதம்.

1. திட்டம் உரிமத்தின் நிபந்தனையான வரலாறு

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் நிலையத்தில் உலைக்கருவின் ஒரு பகுதி உருகியது. யாரை வெளியேற்றுவது, எவ்வளவு தூரத்துக்கு வெளியேற்றுவது என்பதில் மாநில ஆளுநரும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் பல நாள்கள் தடுமாறினர். அதன் விளைவாக 1980இல் விதி மாறியது. அவசரநிலையில் போதிய பாதுகாப்பு நடவடிக்கைகள் எடுக்க முடியும், எடுக்கப்படும் என்ற நியாயமான உறுதி இல்லாமல் இயக்க உரிமம் கிடையாது என்றாயிற்று. காற்றில் வரும் கதிரியக்கத்துக்கு 10 மைல், உணவின் வழியே வருவதற்கு 50 மைல் என இரு வலயங்கள் வகுக்கப்பட்டன. உயிர் காக்கும் தூரமும் உணவு காக்கும் தூரமும் வேறு வேறு என்பதை அப்போதே சட்டம் ஏற்றுக்கொண்டது.

இந்த நிபந்தனைக்குப் பல் உண்டு என்பதை நியூயோர்க்கின் ஷோரம் நிலையம் காட்டியது. லோங் ஐலண்ட் தீவிலிருந்து மக்களைப் பாதுகாப்பாக வெளியேற்ற இயலாது என்று 1983இல் சஃபொக் மாவட்ட மன்றம் தீர்மானித்தது. மாநில அரசும் திட்டத்தில் சேர மறுத்தது. ஏறத்தாழ 600 கோடி டொலர் விழுங்கிய அந்த நிலையம் வணிக ரீதியாக ஒரு நாளும் மின்சாரம் விற்காமலே மூடப்பட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு சீபுரூக். நிலையம் நியூ ஹாம்சயரில். அதன் 10 மைல் வலயத்தின் ஒரு பகுதியோ அயல் மாநிலமான மசச்சூசெற்ஸில். செர்னோபில் விபத்துக்குப் பின் 1986இல் மசச்சூசெற்ஸ் ஆளுநர் டுகாக்கிஸ் தம் பங்குக்கான திட்டத்தைத் தர மறுத்தார். ஆணைக்குழு 1987இல் விதியைத் திருத்தி, நிலையத்தின் உரிமையாளரே அப்பகுதிக்கும் திட்டம் தரலாம் என்றது. 1990இல் உரிமம் வழங்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் இருப்பவரின் மறுப்பு உரிமத்தைத் தடுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கென ஒரு திட்டம் இல்லாமல் உரிமம் வழங்கப்படவும் இல்லை. அயலவருக்கு ரத்து அதிகாரம் இல்லை, கணக்கில் இடமுண்டு என்பதுதான் சீபுரூக் தரும் நெறி.

2. கூடங்குளத்தின் வட்டங்கள்

1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்த உடன்பாட்டில் பிறந்தது கூடங்குளம் திட்டம். 2002இல் கட்டுமானம் தொடங்கியது. 1000 மெகாவாற் கொண்ட முதல் உலை 2013 யூலையிலும், இரண்டாவது 2016 யூலையிலும் தொடர்வினை நிலையை எட்டின. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் முறைப்படி நிலையத்தைச் சுற்றி மூன்று வட்டங்கள் உண்டு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் குடியிருப்பு இல்லை. 5 கிலோமீற்றருக்குள் புதிய வளர்ச்சி கட்டுப்படுத்தப்படும். 16 கிலோமீற்றருக்குள் வெளியேற்றம், அயடீன் மாத்திரை, தங்குமிடம் ஆகியவற்றுக்குத் திட்டம் இருக்க வேண்டும். நிலையத்துக்கு வெளியே திட்டத்தை நடத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது.

2012 யூன் 9 அன்று நக்கனேரி என்ற சிற்றூரில் வெளியேற்ற ஒத்திகை நடந்தது. நிலையத்துக்கான எதிர்ப்பின் மையமாக இருந்த இடிந்தகரை கடலோரத்தில் இருக்க, ஒத்திகைக்குக் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கிராமம் ஒன்று தெரிவானது. ஒழுங்காற்று விதி நிறைவேறியது. கடினமான இடத்தில் திட்டம் தாக்குப்பிடிக்குமா என்பது சோதிக்கப்படவில்லை. 2013 மே 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தபோது 15 பணிப்புரைகளையும் வழங்கியது.

3. அளவுகோல் எங்கே நிற்கிறது

சர்வதேச அணுசக்தி முகவரகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், கூடங்குளம் உலைகளின் அளவுள்ள நிலையங்களுக்கு நான்கு தூரங்களைப் பரிந்துரைக்கிறது. உடனடி நடவடிக்கைக்கு 3 முதல் 5 கிலோமீற்றர். அவசர நடவடிக்கைக்கு 15 முதல் 30. கண்காணித்துத் தேவையான இடங்களிலிருந்து மக்களை இடம்பெயர்க்க 100. உணவு, பால், குடிநீர், சந்தைப் பொருள்களைக் கட்டுப்படுத்த 300.

நேர்கோட்டில் அளந்தால் கூடங்குளத்திலிருந்து கற்பிட்டி சுமார் 225 கிலோமீற்றர், மன்னார் சுமார் 260, நெடுந்தீவும் அவ்வளவே, யாழ்ப்பாண நகரம் சுமார் 300, பருத்தித்துறை சுமார் 330. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டின் மற்றோர் அணுமின் நிலையமான கல்பாக்கம் பருத்தித்துறைக்கு நேர் வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றரில் இருக்கிறது. குடாநாட்டின் இந்த வடமுனை இரண்டு நிலையங்களுக்கும் விளிம்பில் அமைந்த ஊர்.

விளிம்பு என்பதால் தப்பியது என்று சொல்ல முடியாது. கூடங்குளத்திலிருந்து பருத்தித்துறை இருக்கும் திசை வடகிழக்கு. வைகாசி தொட்டு ஆவணி வரை வீசும் சோழகம் அந்தத் திசைக்கே வருகிறது. மார்கழி வாடை கல்பாக்கத்துப் பக்கமிருந்து வருகிறது. வடகீழ்ப் பருவத் தொடக்கத்தில் இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கியே ஓடுகிறது. தவிரவும், பருத்தித்துறையார் உண்பதெல்லாம் பருத்தித்துறையில் விளைவதில்லை. நெடுந்தீவுக் கடலிலும் மன்னார்க் கடலிலும் பிடித்த மீன் வடமராட்சிச் சந்தைக்கு வரும். ஆளின் வீட்டைவிட உணவு வரும் வழியை வைத்தே இந்த 300 கிலோமீற்றர் வட்டத்தைப் படிக்க வேண்டும்.

4. தூரத்தை மீறிய உணவு

செர்னோபில் நிலையத்திலிருந்து 2000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் வேல்ஸ் மலைகளில் 1986 மேயில் பெய்த மழை கதிரியக்கச் சீசியத்தை மண்ணில் இறக்கியது. பிரித்தானியாவில் 9700 பண்ணைகளின் செம்மறிகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கடைசிக் கட்டுப்பாடு 2012இல்தான் நீங்கியது. விபத்துக்கு அருகே நேர்ந்த துயரமும் பெருமளவு உணவின் வழியே வந்ததுதான். பெலாருஸ், உக்ரைன், ரஷ்யா ஆகிய நாடுகளில் அப்போது சிறுவராயிருந்தோரிடம் 2005 வரை 6000க்கு மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் பதிவாகின. கதிரியக்க அயடீன் கலந்த பாலே அதன் முதன்மைக் காரணி. யப்பானில் 2011 யூலையில் நாடெங்கும் விற்கப்பட்ட மாட்டிறைச்சியில் சீசியம் கண்டுபிடிக்கப்பட்டது. புகுஷிமா விபத்தின்போது வெளியில் கிடந்த வைக்கோலை மாடுகள் தின்றதே காரணம். வைக்கோலை யாரும் திட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

பருத்தித்துறை இறங்குதுறையில் விடியப்புறம் நடப்பதைக் கவனித்தால் சிக்கல் விளங்கும். வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீன் ஏலம் கூறப்படுகிறது. ஒரு பகுதி சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் மந்திகை, நெல்லியடிப் பக்கம் போகிறது. நல்ல பாரையும் அறக்குளாவும் ஐஸ் இட்ட றெஜிபோம் பெட்டிகளில் அடைபட்டுக் கூலர் வாகனத்தில் கொழும்புக்கு ஏறுகின்றன. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். எல்லைக்கு அப்பால் கசிவு என்ற தகவல் அதிகாலையில் வந்தால் ஏலத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கா, கடற்றொழில் திணைக்களத்துக்கா, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கா, வடமராட்சி வடக்குப் பிரதேச செயலருக்கா? நிறுத்திய மீனுக்கு இழப்பீடு யார் தருவார்?

அடுத்தது பரிசோதனை. மீன் தசையை அரைத்துப் பாத்திரத்தில் அடைத்து, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஜேர்மேனியம் உணர்கருவியில் வைத்து நெடுநேரம் எண்ண வேண்டும். இலங்கை அணுசக்திச் சபை கொழும்புக்கு அருகே ஒருகொடவத்தையில் இருக்கிறது. பருத்தித்துறையிலிருந்து வீதிவழியே 400 கிலோமீற்றர். அணு உலையைவிட மீனை அளக்கும் இடம் தூரம்.

அளந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதும் முன்கூட்டியே தீர்க்கப்பட வேண்டியது. சர்வதேச உணவு வணிகத்துக்கான கோடெக்ஸ் வழிகாட்டல் சீசியத்துக்குக் கிலோவுக்கு 1000 பெக்கரல் வரை ஏற்கிறது. யப்பான் 2012 ஏப்ரலில் பொது உணவுக்கு வகுத்த வரம்பு 100. முரண்பாடு போலத் தோன்றினாலும் இரண்டின் எடுகோள்கள் வேறு. உண்பதில் பத்தில் ஒரு பங்கே பாதிக்கப்பட்ட இறக்குமதி என்று கோடெக்ஸ் கொள்கிறது. யப்பான் பாதி உணவு பாதிக்கப்பட்டது என்று கொண்டது. தன் வள்ளத்து மீனைத் தானே சமைத்துண்ணும் கரையோரக் குடும்பத்துக்கு முதல் எடுகோள் பொருந்தாது. வணிக வரம்பை அப்படியே எடுத்துவைத்தால் ஏற்றுமதியாளர் காக்கப்படுவார், மீனவர் காக்கப்படமாட்டார்.

5. சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவும் இலங்கையும் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள். அதன் 16ஆம் உறுப்புரை மூன்று விடயங்களைச் சொல்கிறது. உலை இயங்கத் தொடங்கும் முன் அவசரகாலத் திட்டம் தயாராகிச் சோதிக்கப்பட வேண்டும். பாதிக்கப்படக்கூடிய அயல்நாட்டு அதிகாரிகளுக்குத் திட்டமிடத் தேவையான தகவல் தரப்பட வேண்டும். உலையே இல்லாத நாடும், அயலில் உள்ள உலையால் பாதிக்கப்படக்கூடுமாயின், தன் நிலப்பரப்புக்கு ஒரு திட்டம் தயாரித்துச் சோதிக்க வேண்டும். இடத்தெரிவின்போது அயல்நாட்டைக் கலந்தாலோசிப்பதை 17ஆம் உறுப்புரை கோருகிறது.

இந்த மூன்றாவது கடமை இலங்கையின்மீது விழுகிறது. 2012இல் அப்போதைய அமைச்சர் சம்பிக்க ரணவக்க கூடங்குளம் பற்றிய கவலையைப் பகிரங்கமாகவே எழுப்பினார். 2015 பெப்ரவரியில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் கதிரியக்க அனர்த்தத் தணிப்பையும் உள்ளடக்குகிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் சுயாதீனமான ஒழுங்குபடுத்தல் பேரவையை உருவாக்கியது. 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கதிரியக்க அவசரநிலையையும் அனர்த்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டத்தின் எலும்புக்கூடு முழுமையாகவே இருக்கிறது. அது பிரதேச செயலகத்தின் மேசைவரை வந்து சேர வேண்டும்.

6. எதிர்வாதங்கள்

முதலாவது எதிர்வாதம்: இத்தனை தூரத்தில் ஆபத்து மிகச் சிறியது. உண்மை. 330 கிலோமீற்றரில் யாரும் ஊரைவிட்டு ஓடத் தேவையில்லை. அயடீன் மாத்திரைக்கும் அவசியம் எழாது. ஆனால் ஆபத்து சிறியது என்பதாலேயே இங்கு வேண்டிய திட்டமும் மலிவானது. ஒரு கருவி, ஒரு வரம்பு, ஓர் அதிகாரி, ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு மேல் அது அதிகம் கேட்பதில்லை.

இரண்டாவது: உரிமம் வழங்குவது இறைமைக்குரிய செயல், அயல்நாடு தலையிட முடியாது. இங்கு கேட்கப்படுவது தகவல் மட்டுமே. உரிமத்தைத் தடுக்கும் உரிமை கோரப்படவில்லை. 1986 செப்ரெம்பரில் ஏற்கப்பட்ட முன்னறிவித்தல் உடன்படிக்கை விபத்துக்குப் பின்னான தகவலை உறுதிசெய்கிறது. எந்த நிலையில் எந்த அறிவித்தல் வரும், அதை இங்கே யார் பெறுவார் என்பதை அமைதிக் காலத்தில் ஒத்திகை பார்த்தாலே அந்த உறுதி பயன்படும்.

மூன்றாவது: திட்டம் பற்றிப் பேசினாலே மக்கள் பீதியடைவர். 2011 மார்ச்சில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. பிபிசியின் பெயரில் பரவிய போலிக் குறுஞ்செய்தியை நம்பி மணிலாவில் ஒரு பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தியது. சீனாவில் மக்கள் உப்பை அள்ளிக் குவித்தனர். தகவல் இல்லாத இடத்தையே வதந்தி பிடித்துக்கொண்டது. வடமராட்சிக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடலிலிருந்து ஆபத்து என்றால் உள்நாட்டுக்கு ஓடு என்று 2004 டிசெம்பர் 26 இந்த மக்களுக்குக் கற்பித்தது. கதிரியக்கச் செய்தி கேட்கும்போது செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது: வீட்டில் இரு, கிணற்றை மூடு, பரிசோதனை முடியும்வரை மீனையும் கீரையையும் பாலையும் தவிர். பழகிய அனிச்சையை மாற்றுவதற்கு முன்கூட்டிய பேச்சு இன்றியமையாதது.

7. கேட்க வேண்டியவை

கூடங்குளத்தின் 3 முதல் 6 வரையான உலைகளின் கட்டுமானம் 2017க்கும் 2021க்கும் இடையே தொடங்கியது. அவற்றின் இயக்க அனுமதிகளில் ஒரு நிபந்தனை சேர்க்கப்படலாம்: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெளிநிலைய ஒத்திகையின்போது இலங்கையின் ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு உண்மையான அறிவித்தல் அனுப்பப்பட்டு, அது எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்பது பதியப்பட வேண்டும். கதிரியக்க வெளியீடு குறித்த கணிப்புகளும் சுற்றுச்சூழல் கண்காணிப்புத் தரவுகளும் அதே வழியில் வர வேண்டும்.

இலங்கை தன் பங்குக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உணவுப் பரிசோதனைக்கான காமா அளவீட்டு வசதியை நிலைநிறுத்தலாம். வடமராட்சி மீன், பால், கிணற்று நீர் ஆகியவற்றின் இயல்பான அளவை இப்போதே பதிவு செய்யாவிட்டால், பின்னர் எதையும் ஒப்பிட அடிப்படை இராது. சுண்ணாம்புக் கல்லினூடே மழைநீர் விரைவில் நிலத்தடிக்கு இறங்கும் குடாநாட்டில் கிணற்றுப் பதிவு தனிக் கவனம் பெற வேண்டும். கரையோர மக்களின் உண்மையான மீன் நுகர்வை வைத்து உள்நாட்டு வரம்பு கணிக்கப்பட வேண்டும். இறங்குதுறையில் ஏலத்தை நிறுத்தும் அதிகாரமும் அதற்கான இழப்பீட்டு முறையும் வர்த்தமானியில் வெளிவர வேண்டும்.

இக்கோரிக்கைகள் ஒருதலைப்பட்சமானவை அல்ல. இலங்கையும் அணுமின் நிலையம் அமைக்கும் எண்ணத்தை ஆராய்ந்து வருகிறது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு அதன் உட்கட்டமைப்பை மதிப்பிட்டது. நாளை வடகிழக்குக் கரையில் ஓர் உலை எழுந்தால் இராமேஸ்வரத்து மீனவரும் நாகப்பட்டினத்து மீனவரும் இதே கேள்விகளைக் கொழும்பிடம் கேட்பர். கூடங்குளத்தின் அடுத்த உலைகளுக்கு உரிமம் கிடைக்கும் முன் இந்த நிபந்தனையை எழுதி வாங்கிக்கொள்ளும் நாடு, தன் உலைக்கு உரிமம் வழங்கும் நாளில் அதே நிபந்தனைக்குத் தானும் கட்டுப்பட வேண்டிவரும். பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் அது நன்மையே.