எதிர்வெயிலில் நிறுத்தி எடுத்த முகங்கள்

"வெயில் உன் முதுகுல படணும், அவங்க மூஞ்சில படணும்." கேமராவைக் கையில் எடுத்த எல்லாருக்கும் ஏதோ ஒரு மாமா சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுவாத்தான் இருக்கும். எனக்கு என்னவோ இந்த விதி மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இது எங்கிருந்து வந்தது, நம்ம ஊர்ல இதை யார் உடைச்சாங்க, அதனால வடசென்னை மாதிரி இடங்கள்ல இருக்கிற கறுத்த முகங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு எழுதிப் பார்க்கிறேன். நடுவுல கொஞ்சம் டெக்னிக்கல் வரும், பொறுத்துக்குங்க மக்களே.

1888-இல் ஈஸ்ட்மன் கோடாக் பெட்டிக் கேமராவை விற்க ஆரம்பிச்சப்போ அதுக்கு சின்ன லென்ஸ், மந்தமான பிலிம். நல்ல வெயில் நேரா முகத்தில் அடிச்சாத்தான் ஏதாவது பதியும். இன்னொரு தொல்லையும் உண்டு. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிடும். நாலஞ்சு கண்ணாடி உள்ள லென்ஸை சூரியனுக்கு நேரா காட்டினா, உள்ளேயே வெளிச்சம் அலைஞ்சு படம் வெளுத்துப் போகும். 1935-இல் ஸைஸ் கம்பெனியில் ஸ்மகுலா என்பவர் லென்ஸ் பூச்சைக் கண்டுபிடிச்ச பிறகுதான் எதிர்வெயிலில் எடுக்க ஓரளவு தைரியம் வந்தது. ஆக, கருவியோட குறைக்காக வந்த விதி அது. கருவி மாறின பிறகும் விதி மட்டும் மாறலை.

கலர் வந்ததும் இன்னொரு சங்கதி சேர்ந்துக்கிச்சு. கோடாக் லேப்களுக்கு அனுப்பின 'ஷெர்லி கார்டு'ன்னு ஒண்ணு உண்டு. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம். அவங்க தோல் சரியா வந்தா பிரிண்ட் சரின்னு அர்த்தம். கறுத்த தோல் சரியா வரலைன்னு அந்த மக்கள் சொன்னதை விட, சாக்லேட் கம்பெனிக்காரங்களும் மர மேஜை நாற்காலி விற்கிறவங்களும் எங்க சரக்கோட பழுப்பு நிறம் சரியா விழலைன்னு சொன்னதுதான் சீக்கிரம் எடுபட்டதாம். வயித்தெரிச்சல்! நம்ம ஸ்டூடியோக்கள்லயும் 'டச்சப்' பண்றதுன்னா பாதி வேலை முகத்தை வெளுப்பாக்குறதுதான். மூஞ்சியில் நேரா வெளிச்சம் அடி, பவுடர் போடு, அப்புறமும் பத்தலைன்னா பென்சிலை எடு. "உள்ளதைவிட சிவப்பா விழுந்திருக்கே"ன்னு வாடிக்கையாளர் சந்தோஷப்படணும்.

இப்போ மூலக்கொத்தளம். பழைய கறுப்பர் பட்டணத்துக்கு வெள்ளைக்காரன் கட்டின மதிலோட மூலையில் நின்ன கொத்தளம், அதான் பேரு. இந்தி எதிர்ப்புப் போரில் 1939-இல் உயிர் விட்ட நடராசன், தாளமுத்து ரெண்டு பேருக்கும் நினைவிடம் இங்கே இருக்கிற இடுகாட்டில்தான். மதில் போய் ரொம்ப காலம் ஆச்சு. சாயங்காலம் சூரியன் பேசின் பிரிட்ஜ் தண்டவாளங்களுக்கு அந்தப்பக்கமா இறங்கும். மேற்கே பார்த்து நின்னீங்கன்னா எதிரே வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்குப் பின்னாடி வெளிச்சம்தான். புழுதியும் புகையும் சேர்ந்து வெயிலோட கோடுகளை அப்படியே கண்ணுல காட்டும். (மூச்சுக்கு ஆகாது, படத்துக்கு ஆகும். என்ன பண்றது.) காலையில் இதுக்கு நேர் எதிர். காசிமேட்டில் சூரியன் கடலுக்குள்ளேருந்து எழும்புது. படகுலேருந்து கூடை தூக்கிட்டு இறங்குறவரைக் கரையிலிருந்து எடுத்தா அது பேக்லைட்தான், வேற வழியே இல்லை. முகத்துல வெயில் வேணும்னா நீங்க கடலுக்குள்ள நின்னுதான் எடுக்கணும் :-)

இதுல கறுப்புத் தோலுக்கு என்ன விசேஷம்னு கேட்கலாம். தோலிலிருந்து வெளிச்சம் ரெண்டு விதமா திரும்பி வருது. ஒரு பகுதி உள்ளே போய், தோலோட நிறத்தை வாங்கிட்டு வரும். இன்னொண்ணு மேல்பரப்புல பட்டு, கண்ணாடியில் படுற மாதிரி அப்படியே தெறிக்கும். இந்த ரெண்டாவதுக்குத் தோல் நிறம் ஒரு பொருட்டே இல்லை, சூரியனோட நிறத்தில்தான் வரும். வெளிச்சம் சாய்வா உரசும்போது இந்தத் தெறிப்பு இன்னும் கூடும். எதிர்வெயிலில் கன்னத்து ஓரம், தோள், கழுத்து எல்லாம் அப்படித்தான் உரசப்படுது. பின்னணி இருட்டா இருந்தா, வெளுத்த தோலில் பாதி கரைஞ்சு போற அந்தத் தங்கக்கோடு கறுத்த தோலில் பளிச்சுன்னு தனியா நிக்கும். எண்ணெய் வெச்ச தலை, வேர்வை பூத்த தோள் இருந்தா கேட்கவே வேணாம். ஸ்டூடியோக்காரர் துடைச்சு எடுக்கச் சொன்ன அதே எண்ணெயும் வேர்வையும்தான்!

இதை நம்ம கண்ணுக்குப் பழக்கினது சினிமா. பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தை நம்பி எடுத்தவர். 'கோகிலா'வுக்கும் (1977) 'மூன்றாம் பிறை'க்கும் (1982) தேசிய விருது வாங்கினார். ஆனா எதிர்வெயில்னு சொன்னா என் ஓட்டு அசோக்குமாருக்குத்தான். அலகாபாத்காரர். மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' (1979), அடுத்த வருஷமே 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. காலைப் பனியில் சுஹாசினியும் மோகனும் ஓடுற பாட்டை இப்போ போட்டுப் பாருங்க. முகத்துல வெயில் இல்லை, முடியோரத்துல இருக்கு. அந்தப் படத்துக்கு அவருக்குத் தேசிய விருது. சுஹாசினியே நடிக்க வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேமரா உதவியாளரா இருந்தவங்கதான். அப்புறம் பி.சி.ஸ்ரீராம் 'மௌன ராகம்' (1986), 'அக்னி நட்சத்திரம்' (1988) வழியா லென்ஸ் ஃப்ளேரையே அழகாக்கினார். ஸ்மகுலா பூச்சு பூசி விரட்டின அதே தெறிப்பை இவர் வா வான்னு கூப்பிட்டு உட்கார வெச்சார். அதுக்கப்புறம் கல்யாண வீடியோக்காரர் வரைக்கும் பேக்லைட்தான். சிலது தாங்க முடியலை, அது வேற கதை.

இவங்க கையாண்ட வித்தை பெரிய ரகசியமும் இல்லை. மீட்டர் எல்லாத்தையும் நடுத்தர சாம்பல் நிறமா நினைக்கும். பின்னாடி வானம் இருந்தா பயந்து முகத்தைக் கரியாக்கிடும். அதனால முகத்தை மட்டும் அளந்து எடுக்கணும், இல்லாட்டி ஒண்ணு, ஒண்ணரை ஸ்டாப் ஏத்திக்கணும். எதிரே ஒரு தெர்மாகோல் அட்டை இருந்தா போதும். அதுவும் இல்லைன்னா சுண்ணாம்படிச்ச சுவர், விரிச்சுப் பிடிச்ச வெள்ளை வேட்டி. சூரியனை ஆளோட தலைக்குப் பின்னாடி மறைச்சா ஃப்ளேர் அடங்கும், லேசா எட்டிப் பார்க்க விட்டா பூக்கும்.

மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்து வியாசர்பாடியில் இளசுகளுக்குக் கேமரா சொல்லிக் கொடுத்திருக்கார் புகைப்படக் கலைஞர் பழனிக்குமார். இப்படி உள்ளூர்ப் பசங்க எடுக்கும்போது ஸ்டூடியோக்காரரோட பவுடர் டப்பா நடுவுல வராது. இவங்க அம்மா, இவங்க தெரு, வேலை முடிஞ்சு வர்ற அதே அஞ்சரை மணி வெயில்.

இப்போ புதுசா வந்திருக்கிற இடைஞ்சல் போன்தான். எதிர்வெயிலில் நிறுத்தி எடுத்தா அதுவே நாலஞ்சு படத்தை அடுக்கி, நிழலையெல்லாம் தூக்கி, முகத்தையும் வெளுத்து வெச்சுடுது. கேட்காமலே டச்சப்! எச்.டி.ஆர். அணைக்க வழி இருந்தா அணைச்சுடுங்க. முகத்தை விரலால் தொட்டு, பக்கத்துல வர்ற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்க. பேசின் பிரிட்ஜ் பக்கம் போறதா இருந்தா மார்கழி, தை நல்லது. ஆளைக் கேட்டுட்டு எடுங்க, இடுகாட்டு வாசல்ல நின்னு எடுக்காதீங்க.