வீட்டுச் சுவரும் இருட்டும்: புரொஜெக்டர் ரீவியை முந்தாத கதை

"ரீவி வாங்கேல்லை, புரொஜெக்டர்தான்" எண்டு சொல்லுற ஆக்கள் இப்ப கூடிக்கொண்டு வருகினம். வாடகை அறையில் இருக்கிறவர்களுக்கு அது வசதியும்கூட. அறை மாறும்போது உடுப்புப் பையுக்குள்ள வைத்துக் கொண்டு போகலாம். பார்க்கப் புதுப் பழக்கம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் வீட்டுச் சுவரில் படம் காட்டுவது ரீவியைவிட வயதில் மூத்தது. அன்றாடப் பெட்டியாக வீட்டுக்குள் குடியேற புரொஜெக்டர் ஏற்கனவே மூன்று தடவை முயன்று பார்த்தது. மூன்று தடவையும் விருந்தாளியாகத்தான் வந்து போனது. ஏன்?

முதலில் ஒரு சின்ன விசயம் விளங்கவேணும். புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. படத்தில் வரும் கறுப்பு, வெளிச்சம் விழாத சுவரின் நிறம் மட்டும்தான். யன்னல் திறந்திருந்தால் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். அதோடு, படத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் உயரமும் இரண்டு மடங்காகும். பரப்பு நான்கு மடங்காகி, வெளிச்சம் காற்பங்காகக் குறையும். ஆகவே புரொஜெக்டருக்குப் பெரிய படத்தோடு இருட்டும் தேவை. இந்தக் கதை முழுக்க அந்த இருட்டைப் பற்றியதுதான்.

1659 இல் நெதர்லாந்து விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ், மாய விளக்குக்கென ஒரு எலும்புக்கூடு தன் மண்டையோட்டைக் கழற்றுகிற படங்களை வரைந்து வைத்தார். அங்கிருந்து சினிமா வரைக்கும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சினிமா வந்த பிறகும் அதை வீட்டுக்குள் கொண்டுவரப் பயம் இருந்தது. அந்தக்கால நைத்திரேற்றுப் படச்சுருள் மிக இலேசாகத் தீப்பிடிக்கும். 1897 மே மாதம் பரிஸில் ஒரு தர்மச் சந்தையில் புரொஜெக்டர் விளக்கால் மூண்ட தீயில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தப் பயத்துக்குப் பதிலாக 1922 கடைசியில் பிரான்ஸின் பத்தே நிறுவனம் 'பத்தே பேபி' என்ற சின்ன வீட்டு புரொஜெக்டரை விற்கத் தொடங்கியது. எளிதில் தீப்பற்றாத 9.5 மில்லிமீற்றர் சுருள், கையால் சுற்றும் பிடி, தியேட்டரில் ஓடிய படங்களின் சுருக்கம். அடுத்த வருடம் கொடாக் 16 மில்லிமீற்றரையும், 1932 இல் 8 மில்லிமீற்றரையும் கொண்டுவந்தது. ஆனால் சுருள் சில நிமிடத்தில் முடிந்துவிடும். புதுசு வேணுமென்றால் காசு கொடுத்து வாங்கவேணும். ஒவ்வொரு நாளும் பார்க்க அதில் என்ன இருக்கு? பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும்தான் அது அலுமாரியை விட்டு வெளியே வந்தது. இது முதல் முயற்சி.

சோவியத் ஒன்றியத்தில் இன்னொரு வழி கண்டார்கள். அசையாப் படங்கள் கொண்ட 'டயாஃபில்ம்' சுருளைச் சுவரிலோ தொங்கவிட்ட வெள்ளைத் துணியிலோ காட்டி, கீழே இருக்கும் வரிகளைப் பெற்றோர் வாசிப்பார்கள். இடநெருக்கடியான அடுக்குமாடி வீடுகளிலும் இது நன்றாக வேலை செய்தது. பிள்ளைகள் படுக்கப்போகும் நேரத்தில், கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தானே இருட்டு தேவைப்பட்டது!

ரீவியின் பலம் இதற்கு நேர் எதிர். அது தானே ஒளிரும், லைற்றை அணைக்கத் தேவையில்லை. இலங்கையில் ஐரிஎன் 1979 ஏப்ரலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. ரீவி இருந்த வீட்டு விறாந்தையில் அயலட்டைச் சனம் கூடிய கதையை அம்மம்மாவிடம் கேட்டால் சொல்லுவா. பிறகு அது ஒவ்வொரு வீட்டிலும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியானது. ஒருவர் செய்தி கேட்பார், ஒருவர் வெங்காயம் உரிப்பார், பிள்ளை அதே அறையில் கணக்குச் செய்யும். புரொஜெக்டர் இதற்கு இடம் கொடுக்காது.

இரண்டாவது முயற்சி அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் நடந்தது. ஹென்றி குளொஸ் என்பவர் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய்களை வைத்து, ஏழு அடித் திரையில் ரீவி நிகழ்ச்சியையே காட்டும் 'அட்வென்ற் வீடியோபீம்' பெட்டியைச் செய்தார். நிகழ்ச்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் விலை அதிகம், அறையை மங்கலாக்கவும் வேணும்.

மூன்றாவது முயற்சிக்கு வித்திட்டவர் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸின் லாரி ஹோர்ன்பெக். 1987 இல் அவர் உருவாக்கிய சில்லில் தலைமயிரைவிடச் சிறிய கண்ணாடிகள் இலட்சக்கணக்கில் அசைந்து படத்தை உண்டாக்கும். அந்தத் தொழில்நுட்பப் புரொஜெக்டர்கள் 1996 இல் சந்தைக்கு வந்தன. படம் நல்லம், விளக்குத்தான் பிரச்சினை. சுமார் 3,000 மணித்தியாலம் எரியும் விளக்கென்றால், நாளுக்கு நான்கு மணித்தியாலம் பார்த்தால் இரண்டு வருடத்தில் புதுசு வாங்கவேணும். ஆகவே வகுப்பறையிலும் கூட்ட மண்டபத்திலும்தான் அது தங்கியது. எல்ஈடி விளக்கு 20,000 மணித்தியாலம் என்ற கணக்கைக் கொண்டுவந்தது. அதே பாவனைக்குப் பதின்மூன்று வருடத்துக்கு மேல். அன்றாடம் பார்ப்பது அப்போதுதான் கட்டுப்படியாகியது.

ஆனால் விளக்கு மட்டும் காரணமில்லை. ரீவி செய்துவந்த வேலையை, அதாவது வெளிச்சத்தில் சும்மா ஓடுவதை, ஃபோன் எடுத்துக்கொண்டது. செய்தி, பாட்டு, துண்டு வீடியோ எல்லாம் இப்ப கையிலதான். மிஞ்சியது இருந்து பார்க்கிற முழுப்படமும் மட்ச்சும். அதற்கு இரவும் இருட்டும் ஒத்துவரும். புரொஜெக்டர் ரீவியை வெல்லவில்லை. ஃபோன் காலியாக்கிய கதிரையில் வந்து இருக்குது.

இதில் ஒரு கணக்கு மறைந்திருக்கு. ஃபோன் ஆளுக்கொரு மூலையைத் தந்தது. புரொஜெக்டர் எல்லாரையும் ஒரே சுவரைப் பார்க்க வைக்கும். நல்ல விசயம்தான். ஆனால் லைற்றை அணைத்தால் முழு அறைக்கும் அணைக்கவேணும். ஒரே அறையில் சமையலும் படிப்பும் படுக்கையும் நடக்கிற வீட்டில், யாரோ ஒருவரின் வேலை அந்த இருட்டில் நிற்கும். பெரும்பாலும் அது குசினிப்பக்கம் நிற்கிறவரின் வேலை, இல்லாட்டி சோதனைக்குப் படிக்கிற பிள்ளையின் வேலை. வாங்க முதல் பெட்டியில் போட்டிருக்கும் 'லூமன்' எண்ணை மட்டும் பார்க்காமல் 'ஆன்சி லூமன்' எவ்வளவு எண்டு கேளுங்கோ. அது அளந்து சொல்லும் கணக்கு. அதோடு வீட்டில் எத்தனை அறை, இரவு எட்டு மணிக்கு ஆருக்கு வெளிச்சம் வேணும் எண்டதையும் வீட்டாக்களிட்ட கேளுங்கோ.