போடிமெட்டுப் பகுதி ஊர்ப்பெயர்கள்

தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் போடிமெட்டைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களில் பல தமிழ்ச் சொற்களாகப் பிரிபவை. ஆனால் எல்லைக்கு இருபுறமும் ஒலிப்பும் எழுத்தும் வேறு.

'போடி' என்பது பழைய பாளையப்பட்டான போடிநாயக்கனூரின் சுருக்கம். உள்ளூரார் இதன் முதலெழுத்தை, 'பம்பரம்' என்பதன் நடுவில் வரும் பகரம்போல அதிர்த்துச் சொல்வர். மலையாளத்தில் அந்த ஒலிக்குத் தனி எழுத்து உண்டு, தமிழில் இல்லை. எழுத்தை மட்டும் பார்த்து வாசிக்கும் வெளியூர்க்காரர் யாரோ ஒரு பெண்ணை விரட்டுவதுபோல் சொல்லிவைப்பதும் உண்டு.

'மெட்டு' என்பது 'மேடு' என்பதன் உறவுச்சொல். தெலுங்கில் 'மெட்ட' மேட்டுநிலம், 'மெட்டு' படி. தேனிப் பக்கம் மலைப்பாதை ஏறி முடியும் உச்சியே மெட்டு: கம்பமெட்டு, சாக்கலூத்து மெட்டு. முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. தமிழர் 'ராமக்கல்மெட்டு' என்பதைக் கேரளத்தார் 'ராமக்கல்மேடு' என்கின்றனர்.

பூப்பாறை, உடும்பன்சோலை ஆகியவை மலையாளத்தில் பூப்பாற, உடும்பன்சோல என முடியும். இதை மலையாளத் திரிபு என்று ஒதுக்க முடியாது. தமிழ்ப் பேச்சிலும் மலை 'மல'தான், சோலை 'சோல'தான். தமிழ் வாயில் சொன்னதை மலையாளம் எழுத்திலும் ஏற்றுக்கொண்டது. வேறுபாடு சகரத்தில் உண்டு: மலையாளச் 'சோல'யின் சகரம் 'பச்சை'யில் வருவதுபோல் அழுத்தமானது.

மூணாறு இன்னும் சுவையானது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடம். 'ன்று' என்பது தமிழ்ப் பேச்சில் ணகரமாகும்: ஒன்று ஒண்ணு, மூன்று மூணு. மலையாளத்தில் அதுவே இரட்டை னகரம்: ஒன்னு, மூன்னு. ஆகவே இங்கே மூணாறு, அங்கே மூன்னார்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகைக்குப் பெற்ற, மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலையின் பெயரில், ஆங்கில எழுத்து ஒரு மெய்யை விழுங்கிவிட்டது. 1971ஆம் ஆண்டு கேரள நிலமீட்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் அது 'கனன்'தான். ஆங்கிலப் பலகையைப் பார்த்துத் தமிழில் 'முன்னார்' என்று எழுதுவதும் இவ்வகைப் பிழையே. தமிழில் மூணாறு என்பதே சரி.