பருவம் தவறிய பந்தயம்

ஜிரோந்து நதியின் முகத்துவாரம் தொடங்கி அதூர் நதி கடலில் விழும் இடம் வரையில், நடுவே ஆர்க்கஷோன் கழி ஒன்றைத் தவிர வேறெதுவும் குறுக்கிடாமல், இருநூறு கிலோமீட்டருக்கும் மேலாக நேர்கோடாய் நீண்டு கிடக்கும் பிரான்சு தேசத்து அட்லாண்டிக் கரையில், உலகத்து அலைச்சறுக்கு வீரர்கள் பரிசுப் பணத்துக்காகக் கூடத் தொடங்கியது நேற்று நடந்த சங்கதி; அதற்கு முன் பல தலைமுறைக் காலம் அந்தக் கரையில் மனிதன் செய்த பெரும் பிரயத்தனமெல்லாம் மணலை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதாகவே இருந்தது. மேல்காற்று ஆண்டுதோறும் மணற்குன்றுகளை உள்நாட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. கோயிலும் வீடும் மணலில் புதைந்து, ஜனங்கள் ஊரைக் கைவிட்டுப் பின்வாங்கிய கதைகள் அங்கே பல உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெமோந்தியே என்ற பொறியாளர் புல்லையும் பைன் மரத்தையும் நட்டு மணலைக் கட்டும் முறையைப் பிரசித்தப்படுத்தினார். 1857ஆம் ஆண்டுச் சட்டமோ, சதுப்பு நிலங்களை வடித்து மரம் வைத்தே தீர வேண்டுமென்று லாந்துப் பிரதேசத்துக் கிராமங்களைக் கட்டாயப்படுத்தியது. பொய்க்கால் கட்டிக்கொண்டு ஈரநிலத்தில் ஆடு மேய்த்து வந்த இடையர்களின் ஜீவனம் அதோடு போயிற்று, பெருங்காடு வந்தது.

பெரும்பாலும் துறைமுகத்துக்கு இடமில்லாத, அலை ஓயாத அந்தக் கரையில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்க விரும்பியவர் குறைவு. லாக்கனோ என்ற உள்நாட்டுக் கிராமம் தன் கடலோரத்தில் ஓர் உல்லாச ஊரை உண்டாக்கியது 1906இல்தான். பட்டணத்துச் சீமான்கள் கடற்காற்று வாங்க வந்தார்கள். அலையை வேடிக்கை பார்த்தார்களே தவிர, அதன் மேல் ஏறி நிற்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் உதிக்கவில்லை.

அந்த எண்ணம் கப்பலேறி வந்தது. தெற்கே, மூன்றாம் நெப்போலியனின் ராணி யூஜெனியால் பேர்பெற்ற பியாரிட்ஸ் நகரத்துக்கு, ஹெமிங்வேயின் நாவல் ஒன்றைப் படமாக்கும் வேலையின் நிமித்தம் ஹாலிவுட் கதாசிரியர் பீட்டர் வியர்ட்டெல் வந்திருந்தார். கலிபோர்னியாவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு பலகையை வைத்துக்கொண்டு அவர் கோத் தெ பாஸ்க் கடற்கரையில் இறங்கியதையே பிரான்சில் இந்த விளையாட்டின் ஜன்மமாகக் கொண்டு, 1957ஆம் ஆண்டை அந்நகரத்தார் போற்றுகிறார்கள். வேடிக்கை பார்த்த உள்ளூர் இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. பலகையின் அமைப்பைப் பார்த்துத் தாங்களே செய்யத் தலைப்பட்டார்கள்; 1959இல் வைக்கீக்கி என்ற ஹவாய்த் தீவுக் கடற்கரையின் பெயரிலேயே ஒரு சங்கமும் கண்டார்கள். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றை முதலில் யோசித்தவர்களுள் ஒருவரான ஜார்ஜ் என்னெபூத்தும், பிற்காலத்தில் விஞ்ஞான நூல்களால் கீர்த்தி பெற்ற ஜோயல் தெ ரோனேயும் அந்த முதல் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள். பணத்தைப் பற்றிய பேச்சு அன்று அவர்களிடையே இல்லை.

பணம் பின்னால், அரசாங்கத்தின் வழியாகவும் வந்தது. 1967இல் அக்கித்தேன் கரையை உல்லாசப் பிரயாணிகளுக்காகச் சீர்படுத்த ஒரு குழுவை அரசு நியமித்தது. சாலைகளும் விடுதிகளும் பெருகின. கடையையும் விடுதியையும் கட்டி வைத்தவர்களுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு ஒரு விசேஷம் வேண்டும். ஹவாயில் 1976இல் உருவாகியிருந்த தொழில்முறைச் சுற்றின் சாயலில், ஐரோப்பாவின் முதல் தொழில்முறை அலைச்சறுக்குப் பந்தயம் 1979இல் லாக்கனோவில் தொடங்கியது இப்படிப்பட்ட சூழ்நிலையில்தான்.

அந்தப் பந்தயம் நெடுங்காலம் ஆகஸ்டு மாதத்திலேயே நடந்து வந்தது என்பதில் அதன் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகஸ்டில் பிரான்சு தேசமே விடுமுறையில் இருக்கும். கரை நிரம்பி வழியும். ஆனால் வட அட்லாண்டிக்கின் புயற்சின்னங்கள் வலுப்பெற்று நல்ல அலையை அனுப்புவது இலையுதிர் காலத்தில். கோடையிலோ அசோர்சுத் தீவுகளின் மேல் நிற்கும் உயர் அழுத்தம் கடலைப் பல நாட்கள் அடக்கிப் போடும். ஐந்து நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட, அவற்றுள் மிக அதிகமும் மிகக் குறைவும் நீக்கப்பட்டு மிஞ்சியவற்றின் சராசரி கணக்கிடப்பட, ஒவ்வொருவனுக்கும் சிறந்த இரண்டு அலைகள் மட்டுமே செல்லும் என்ற பிற்கால நியதி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், முழங்கால் உயர அலையில் அது என்ன செய்யும்? பந்தயம் வீரனுக்காக ஏற்பட்டதா, கரையிலிருப்பவருக்காக ஏற்பட்டதா என்று கேட்டால், பின்னதையே நான் சொல்வேன். குறையாகச் சொல்லவில்லை, கூட்டமில்லாமல் பரிசுப் பணம் ஏது?

கடலின் நாட்காட்டிக்கு இணங்கியவர்கள், இதே கரையிலுள்ள ஓஸ்கோர் என்ற ஊர்க்காரர்கள். அவ்வூரின் அயலிலுள்ள காப்பிரத்தோனுக்கு எதிரே, கரையிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்திலேயே கடலடியில் ஒரு மகா பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆழம் குறையக் குறைய அடித்தரையில் உரசிச் சக்தியிழப்பதுதான் அலையின் இயல்பு. அந்தப் பள்ளத்தின் மேலாக வரும் அலை அப்படி இழப்பதற்கு அவகாசமின்றி முழு வேகத்தோடு கரையோர மணல்திட்டில் மோதுகிறது. ஒரு காலத்தில் அதூர் நதியே காப்பிரத்தோன் வழியாகக் கடல் சேர்ந்தது. 1578இல் லூயி தெ ஃபுவா என்ற பொறியாளர் அதை பயோன் நகரத்துக்கு நேரே திருப்பிவிட்டார். பயோன் வியாபாரிகள் பிழைத்தார்கள், காப்பிரத்தோன் துறைமுகம் க்ஷீணித்தது. நதியை இழந்த அந்தக் கரைக்கு, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அலை சோறு போட்டது.

2002 முதல் 2019 வரை உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய சுற்றின் ஒரு பந்தயம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஓஸ்கோரில் நடந்தது. மணல்திட்டு ஒரு புயலில் கலைந்து வேறோரிடத்தில் சேரக்கூடியது. ஆகவே நடுவர் மேடையைக் கரைநெடுக இடம் மாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. ஆண்டி அயர்ன்ஸ் என்ற வீரர் 2003 தொடங்கித் தொடர்ந்து மூன்று முறை வென்றார். 2019இல் ரெயூனியன் தீவில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர் ஜெரமி ஃப்ளோரெஸ் வென்றபோது கரை கொண்டாடியது. அதற்குப் பிறகு பட்டச் சுற்றின் பந்தயம் அங்கே நடைபெறவில்லை.

பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டியைத் தங்களுக்குத் தர வேண்டுமென்று பியாரிட்ஸும் லாக்கனோவும் ஓஸ்கோர் உள்ளிட்ட லாந்து ஊர்களும் விண்ணப்பித்தன. பந்தயம் நடத்தத் தெரிந்தவர்கள், விடுதிகள் உண்டு, பாரிஸிலிருந்து ரயிலேறி வந்துவிடலாம் என்று நியாயங்கள் பல இருந்தும், 2020 மார்ச்சில் முடிவு பசிபிக் சமுத்திரத்தின் தாஹிதித் தீவுக்குச் சாதகமாயிற்று. ஒலிம்பிக் நடக்கவிருந்தது ஜூலைக் கடைசியில், அந்த நாட்களில் தங்கள் கடல் எப்படியிருக்கும் என்பதை லாக்கனோக்காரர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. தீர்ப்பு நியாயமானதே. 2024இல் ஆடவர் தங்கத்தைப் பிரான்சுக்கு வென்று கொடுத்தவர் கவுலி வாஸ்த். அவர் அட்லாண்டிக் கரைக்காரரல்ல, தாஹிதிக்காரர்.