குளத்துப் பனியில் உருவான அணி: செக்மோல் மாணவியரும் இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கியும்

பெங்களூரின் பொம்மனஹள்ளியில் ஜனவரி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதே மாதத்தில் லே நகரின் இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியை நெருங்கும். குளிரூட்டும் எந்திரம் வைத்த திடல்கள் பெருகாத நம் நாட்டில், ஐஸ் ஹாக்கி எங்கே வேர்விடும் என்பதை இந்த வேறுபாடே தீர்மானித்தது. சிம்லாவில் 1920இலேயே சறுக்குத் திடல் அமைந்தது. ஆனால் இந்த ஆட்டம் ஊர்மக்களின் ஆட்டமாக மாறியது ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கில்தான். இராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு பொருத்திக்கொண்டு ஆடியவர்கள் அங்கே முன்னோடிகள்.

மகளிர் ஆட்டத்தின் தோற்றுவாயைத் தேடினால் ஒரு கல்வி நிலையத்தில் வந்து நிற்கிறோம். சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் 1988இல் தொடங்கிய செக்மோல், பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளுக்கு மறுவாய்ப்புத் தந்த இடம். சிந்து நதியோரம் பே கிராமத்திலுள்ள அதன் வளாகத்தில் ஆட்டத்துக்கு முன்பே உழைப்பு தொடங்கிவிடும். மாணவர்களே மண்வாரியும் துடைப்பமும் கொண்டு பனித்தூளை அகற்றுவார்கள். இரவில் நீர் தெளித்து, அது உறைந்ததும் அதன்மேல் மீண்டும் தெளித்து, அடுக்கடுக்காகத் தளம் எழுப்புவார்கள். பகல் வெயில் அதில் கீறல் விட்டால், மறுநாள் இரவு மறுபடியும் அதே வேலை.

இப்படி உழைத்தும் பெண்களுக்குக் கிடைத்தது அரைகுறை வாய்ப்பே. லேயின் கர்சூ குளத்தில் ஆண்களின் ஆட்டம் போக மிஞ்சிய நேரம் அவர்களுக்கு. காலுக்குப் பொருந்தாத பழைய சறுக்குக் காலணிகளும் அவர்களுக்கு. ஆண்டில் பனி நிற்பதே இரண்டு மாதம் அளவுக்குத்தான். அந்த இரண்டு மாதத்திலும் பங்குபோட்டுப் பயின்றவர்களைத் திறமை குறைந்தவர்கள் என்று எடைபோடுவது நியாயமே இல்லை.

2016 மார்ச்சில் தைபேயில் நடந்த ஆசிய சவால் கோப்பைக்கு முதல் இந்திய மகளிர் அணி சென்றது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். பயணச் செலவில் ஒரு பகுதிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. இந்தத் தோல்வியைத் தனியே பிரித்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்காது. ஆண்டு முழுவதும் மூடிய அரங்கில் பயிலும் எதிரணிக்கு 60 மீட்டர் நீளத் திடல் பழகிய வீடு. நம்மவர்களுக்கோ அந்த வழவழப்பும் வேகமும் புதியவை. பயிற்சிக்குக் கிடைத்த பனிநாள்களின் எண்ணிக்கைதான் கோல் எண்ணிக்கையாக வெளிப்பட்டது என்பது என் கணிப்பு.

ஓராண்டிலேயே நிலை மாறியது. 2017 மார்ச்சில் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்றார்கள். மலேசியாவை 5-4 என வென்றார்கள். இரண்டிலும் ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். கோல்கீப்பர் நூர் ஜஹான் உள்ளிட்ட அந்த அணியினர் ஊர் திரும்பியபின் லடாக் கிராமங்களில் சிறுமியருக்குப் பயிற்சி முகாம் நடத்தலானார்கள். வெற்றியைவிட இந்தப் பணியையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2018 ஜனவரியில் கனடாவின் ஒலிம்பிக் வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லடாக் வந்து அவர்களோடு ஆடினார். அதே ஆண்டு கனடாவின் கல்கரியில் தாம் நடத்தும் விழாவுக்கும் அவர்களை அழைத்தார்.

2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது.