பேச்சிப்பாறைத் தண்ணியும் பதினெட்டு வயசும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கமே எட்டிப் பாக்க முடியல. போன வாரம் நாகர்கோவில் போயிருந்தப்போ சித்தப்பா பையன் புதுசா வந்த வாக்காளர் அட்டையைக் காட்டினான். போட்டோவுல அவனை அவனுக்கே அடையாளம் தெரியல, அது வேற விஷயம். 2007-ல பொறந்த பய. "அண்ணே, பதினெட்டுன்னு யாரு முடிவு பண்ணுனது?"ன்னு ஒரு கேள்வி கேட்டான். சட்டுனு பதில் வரல. அண்ணன்ங்கற கெத்தைக் காப்பாத்தணுமே, அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடினேன். தேடப் போனது ஒண்ணு, கிடைச்சது வேற.

நம்ம நாட்டுல முதல்ல ஓட்டு வயசு 21. அரசியல் சட்டத்தோட 61-வது திருத்தம் அதை 18 ஆக்குச்சு. இப்போ இருக்கற இளைஞர்கள் படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்க, அவங்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாம இருக்கு, அதனால அரசியல்ல பங்கு குடுக்கணும்ங்கறதுதான் மசோதாவுல சொன்ன காரணம். லோக்சபாவுல நிறைவேறினது 1988 டிசம்பர் 15. நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28.

நம்ம பொழப்புல ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது உடைஞ்சாலும் லாக் ஃபைலை எடுத்து நேர வரிசையில அடுக்கிப் பாப்போம். அதே பழக்கத்துல இந்தத் தேதிகளுக்கு முன்னாடியும் பின்னாடியும் எங்க ஊர்ப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாத்தேன்.

1988 நவம்பர் 20: கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் டெல்லியில ஒப்பந்தக் கையெழுத்து போடறாங்க. நாலு வாரத்துக்குள்ள இளைஞர்களுக்கு ஓட்டு குடுக்கற மசோதா. மார்ச் 28-ல அது அமலாகுது. 1989 மே 1 கன்னியாகுமரியில துப்பாக்கிச் சூடு. மே 9 கூடங்குளத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி. ஆறு மாசத்துக்குள்ள இவ்வளவும். ஒரே அரசாங்கம்.

கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டம்தானே, உனக்கென்னலேன்னு கேக்கலாம். தண்ணி இருக்கே! மூலத் திட்டத்துல உலைக்கு வேண்டிய நல்ல தண்ணி பேச்சிப்பாறை அணையில இருந்து வர்றதா இருந்துச்சு, அறுபது கிலோமீட்டருக்கு மேல குழாய் போட்டு. பேச்சிப்பாறை எங்களுக்கு வெறும் அணை இல்லீங்க. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்துல, 1897-ல தொடங்கி 1906-ல முடிச்சது. கட்டின இஞ்சினியர் மிஞ்சினை ஊர்ல மூக்கன் துரைன்னுதான் சொல்லுவாங்க. அவர் கல்லறையும் அணை பக்கத்துலயே இருக்கு. (கட்டின இடத்துலயே படுத்துக்கிட்ட இஞ்சினியர். நாமெல்லாம் எழுதின கோடை அடுத்த ரிலீஸ்ல எவனாவது தூக்கிடுவான்.) நாஞ்சில் நாட்டுக் கன்னிப்பூவும் கும்பப்பூவும் அந்தத் தண்ணியை நம்பித்தான்.

எங்க தாத்தாவுக்குத் தோவாளை பக்கம் கொஞ்சம் வயல் இருந்துச்சு. அந்தப் பேச்சு எடுத்தாலே அவருக்குக் கோவம் வந்துடும். "கன்னிப்பூவுக்கே கடைமடைக்குத் தண்ணி வந்து சேரல்ல மக்கா, இதுல உலைக்கு எங்கேருந்து குடுக்க?" விவசாயிங்க எதிர்த்தாங்க, அப்புறம் பேச்சிப்பாறைத் திட்டம் கைவிடப்பட்டு, கடல் தண்ணியைக் குடிநீராக்கற ஆலை நிலையத்துக்குள்ளயே வந்துச்சு. வயல் வெச்சிருந்தவங்க பேச்சுக்கு ஒரு எடை இருந்துச்சுன்னு இதை எடுத்துக்கலாம்.

கடற்கரைக்காரங்க கதை வேற மாதிரி. 1989 ஏப்ரல்ல தேசிய மீனவர் பேரவை, தண்ணியைக் காப்போம் உயிரைக் காப்போம்னு ஒரு பயணம் தொடங்குச்சு. கிழக்குக் கரையில இருந்து ஒரு கூட்டம், மேற்குக் கரையில இருந்து ஒரு கூட்டம். ரெண்டும் மே தினத்தன்னைக்குக் கன்னியாகுமரியில சேர்ந்துச்சு. கூடங்குளம் வேண்டாம்ங்கறதும் அங்க எழுந்த குரல்ல ஒண்ணு. கலவரமாகி, போலீஸ் சுட்டு, பலருக்குக் காயம். எட்டு நாள் கழிச்சு அனுமதிக் கடிதம். ஓட்டு வயசு குறைஞ்சு ஆறு வாரம்தான் ஆகியிருந்துச்சு. புதுசா ஓட்டுரிமை வாங்கின பதினெட்டு வயசுக்காரன் ஒரு தடவை கூட ஓட்டு போட்டிருக்க மாட்டான், அவன் பக்கத்து ஊர்ல உலை வருமா வராதாங்கறது முடிஞ்சு போச்சு.

ராஜீவ் காந்தி திட்டம் போட்டு இப்படிச் செஞ்சார்னு நான் சொல்ல வரல. ஒரே மேஜையில ரெண்டு ஃபைல் இருந்திருக்கு, ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுக்கும் பொருந்தும்னு யாருக்கும் தோணல. அவ்வளவுதான்.

அப்புறம் 1991-ல சோவியத் யூனியனே காணாம போச்சு, திட்டமும் தூங்கிடுச்சு. 1998-ல ரஷ்யாவோட மறுபடி கையெழுத்து, 2002-ல கான்கிரீட், 2013 அக்டோபர்ல முதல் உலையில இருந்து மின்சாரம். அனுமதி குடுத்த அன்னிக்குப் பொறந்த குழந்தைக்கு அப்போ 24 வயசு. இதுக்கு நடுவுல 1997-ல (அடியேன் அவதரித்த வருஷம், ஹி ஹி) இந்த மாதிரி திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம்னு விதி வந்துச்சு. ஆனா முதல் ரெண்டு உலைக்கும் 1989 அனுமதியே போதும்னு ஆயிடுச்சு. கூட்டமே நடக்கல.

2011-ல ஃபுகுஷிமா. அதுக்கு அப்புறம் இடிந்தகரையில நடந்த போராட்டம் எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 6-ல அப்துல் கலாம் வந்து பாத்துட்டு, நிலையம் பாதுகாப்பானதுன்னு சொன்னார். எங்க வயசுப் பசங்களுக்கு அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சில்லை.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். 2012, நான் பத்தாம் வகுப்பு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் கட். ஸ்கூல்ல பேச்சுப் போட்டி, தலைப்பு 'அணுசக்தி வரமா? சாபமா?'. யாரு எந்தப் பக்கம்னு சாரே பிரிச்சுக் குடுத்துட்டார். விசிறியோட படிச்சுக்கிட்டு, உலை ஓடினா தேவலைன்னு நினைச்ச எனக்கு 'சாபம்'. ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச ஒரு கடற்கரைப் பையனுக்கு 'வரம்'. அவங்க அம்மா அப்போ இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தல்ல உக்காந்திருந்தாங்க. பய பிச்சு உதறிட்டான், முதல் பரிசு. பரிசு 'அக்னிச் சிறகுகள்'. மேடையில இருந்து இறங்கி வந்து என் பக்கத்துல உக்காந்தவன், "வீட்டுக்கு எப்படிலே கொண்டு போவேன்?"னு மட்டும் கேட்டான். புத்தகம் என் வீட்டு அலமாரியில இப்பவும் இருக்கு.

அடுத்த ரெண்டு வாரத்துல செப்டம்பர் 10 வந்துச்சு. நிலையத்தை முற்றுகையிடப் போனவங்க மேல தடியடி, கண்ணீர்ப் புகை. மணப்பாட்டுல போலீஸ் சுட்டு ஒரு மீனவர் செத்தார். அவன் ஊருக்குப் போனவன் ஒரு வாரம் வரல. ஆயிரக்கணக்கான பேர் மேல வழக்கு, தேசத் துரோகம் உட்பட. வழக்கு இருந்ததால பாஸ்போர்ட் கிடைக்காம நின்ன இளைஞர்கள் நிறைய, அவன் அண்ணனும் அதுல ஒருத்தர். கப்பல் வேலைக்குப் போக வேண்டியவர். 2013 மே 6-ல சுப்ரீம் கோர்ட் 15 நிபந்தனையோட உலையை ஓட்டலாம்னு சொல்லிடுச்சு. மீதி இருந்த வழக்குகளைத் திரும்ப வாங்கறதா 2021-லதான் தமிழக அரசு அறிவிச்சுது.

நீ ஆதரவா எதிர்ப்பான்னு கேட்டா, எனக்கு இன்னும் குழப்பம்தான். நிலக்கரியை எரிச்சுக்கிட்டே காலநிலையைப் பத்திப் பேச முடியாதுன்னும் தெரியும். எரிஞ்சு முடிஞ்ச எரிபொருளை நிரந்தரமா வைக்க இந்தியாவுல இன்னும் ஒரு கிடங்கு கிடையாதுன்னும் தெரியும். எனக்கு உறுத்தறது அந்தப் பேச்சுப் போட்டிதான். பதினஞ்சு வயசுல எங்களைப் பேச வெச்சாங்க, நல்லா பேசினா பரிசும் குடுத்தாங்க. என்ன நினைக்கிறேன்னு கேக்கல.

கேட்ட இடமும் எங்க மாவட்டத்துலயே உண்டுங்க. 1990-கள்ல எட்வின் ஜான்ங்கற பாதிரியார் குமரி மாவட்டத்துல குழந்தைகள் பாராளுமன்றம்னு ஒண்ணு தொடங்கினார். சுமார் முப்பது வீட்டுக்கு ஒரு பாராளுமன்றம், அந்த வீட்டுப் பிள்ளைங்கதான் உறுப்பினர். பிரதமர், சுகாதார அமைச்சர், சுற்றுச்சூழல் அமைச்சர் எல்லாம் அதுங்களே தேர்ந்தெடுக்கும். பெரிசா பெரிசா மேல போக ஊர், மாவட்டம், மாநிலம்னு அடுக்கு. குலசேகரம் பக்கம் இருந்த பெரியம்மா மக பதினொரு வயசுல சுகாதார அமைச்சர்! சிக்குன்குனியா வந்த 2006. ரப்பர் மரத்துல கட்டியிருக்கற சிரட்டையில மழைத் தண்ணி தேங்கி கொசு வருதுன்னு, பால் வெட்டாத நாள்ல சிரட்டையைக் கவுத்து வைக்கணும்னு தீர்மானம் போட்டு, தோட்டம் தோட்டமா போய்ச் சொல்லியிருக்குதுங்க. முதல்ல சிரிச்சவங்க, காய்ச்சல்ல மூட்டு வலி வந்து படுத்த பிறகு கவுத்தாங்களாம். பெரியப்பா மட்டும் கடைசி வரை கேக்கலைன்னு அக்காவுக்கு இன்னும் வருத்தம்.

இந்தப் பதிவுக்காக அக்காவுக்குப் போன் போட்டேன். "கூடங்குளம் பத்தியெல்லாம் உங்க பாராளுமன்றத்துல பேசுனீங்களாக்கா?"

"பேசுனோம்லா. மேல நாலு உலைக்குக் கூட்டம் போடப் போறாங்கன்னு பேப்பர்ல வந்துதே, அப்போ. சுற்றுச்சூழல் அமைச்சர் ஒரு சின்னப் பய. அவன்தான் கேட்டான், உலை ஓடி முடிஞ்ச பிறகு அதை யாரு பாத்துக்குவான்னு. நோட்டுல எழுதுனோம். யாருக்கு அனுப்பணும்னு ஒருத்தருக்கும் தெரியல்ல தம்பி."

அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம் நெல்லையில நடந்தது 2007-ல, சித்தப்பா பையன் பொறந்த வருஷம். 3, 4-க்கு 2017-லயும் 5, 6-க்கு 2021-லயும் கான்கிரீட் போட ஆரம்பிச்சுட்டாங்க. நோட்டு பெரியம்மா வீட்டுப் பரண்ல இருக்காம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஏறிப் பாக்கணும்.