கற்சிங்கம் எழுந்த கதை

உருவகம் என்றால் என்னவென்று ஆங்கில இலக்கிய வகுப்பில் கேட்டால் மாணவர் வரைவிலக்கணத்தை மனனமாய் ஒப்புவிப்பர். உதாரணம் கேட்டால் மௌனம். அப்போது நான் ஐசன்ஸ்டீனின் சிங்கங்களைச் சொல்வேன்.

1905 இல் ரஷ்யக் கடற்படையினர் செய்த கிளர்ச்சியைக் கூறும் 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' 1925 இல் வந்த மௌனப்படம். ஒடெஸாப் படிக்கட்டில் படையினர் மக்களைச் சுட்டு வீழ்த்துகின்றனர். பதிலுக்குக் கப்பலின் பீரங்கி முழங்குகிறது. உடனே மூன்று கற்சிங்கங்கள்: உறங்குவது, விழிப்பது, எழுவது. கிரிமியாவின் அலுப்கா அரண்மனையிலுள்ள வெவ்வேறு சிலைகள் அவை. அடுத்தடுத்து ஒட்டியதும் ஒரே சிங்கமாய்த் துள்ளி எழுகின்றன. கல்லும் பொறுக்கவில்லை என்பதைச் சொல்லின்றிச் சொன்ன உருவகம்.

அவ்வாண்டு ஒடெஸாவில் மக்கள் கொல்லப்பட்டது உண்மை. படம் காட்டும் படிக்கட்டுப் படுகொலையோ இயக்குநரின் கற்பனை. பலர் அதனையே வரலாறென்று நம்பிவிட்டனர்.

ஆகவே, ரசிக்கக் கற்பிப்பதோடு நான் பாடத்தை முடிப்பதில்லை. உத்தி எங்கே வரலாற்றை விழுங்குகிறது என்பதையும் பிள்ளை அறியவேண்டும்.